இரண்டு கட்டை இறக்கி

"அம்மா, ஸமீஹா அக்கா பாடுறப்ப மட்டும் நீ ஏன் தரையப் பாக்குற?" என்று மகள் அரீபா ஒருமுறை கேட்டாள். நபீசா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாரம் பகுதிப் பெண்கள் பாட்டுக்குழுவைப் பதினோரு வருடமாக நடத்துகிறவள் நபீசா. ஆனால் போன வருடம் சேர்ந்த ஸமீஹாவின் குரலைத்தான் இப்போது எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு கல்யாணத்தில் நபீசாவுக்கு வரி மறந்தபோது, பின்னாலிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தவளும் அவள்தான். அதை யாரிடமும் சொல்லவுமில்லை. அதனால் நபீசாவின் பொறாமை இன்னும் கூடியது.

மீலாது விழாவில் ஸமீஹா ஒரு பாட்டில் தனியாகச் சில வரிகள் பாட வேண்டும். அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வழக்கமான சுருதியில் எடுத்தால் மேலே போகும்போது குரல் உடைந்துவிடும். உடையட்டுமே என்று நபீசா ஒரு கணம் ஆசைப்பட்டாள். பிறகு பிஸ்மில்லா சொல்லி, சுருதியை இரண்டு கட்டை இறக்கிப் பாட்டைத் தொடங்கினாள்.

அந்தத் தாழ்ந்த சுருதியில் நபீசாவின் குரல் எடுபடவே இல்லை. ஸமீஹா பிசிறில்லாமல் பாடி முடித்தாள்.

"இன்னா நபீசா, வயசாயிடுச்சா? கொரலே எழும்பல. அந்தப் பொண்ணுதான் மானத்தக் காப்பாத்துச்சி!" என்று பக்கத்து வீட்டு மும்தாஜ் சிரித்தாள்.

"ஆமாக்கா, நல்லாப் பாடுனா," என்றாள் நபீசா.