பதினோரு பங்கு

மானின் தலையைக் கவிழ்த்து வைத்து, கழுத்துப் பக்கத்து ஓட்டைக்குள் நீண்ட கரண்டியை விட்டு, மூளைத்தண்டில் ஒரு துண்டைச் சிதையாமல் எடுப்பது என் தொழில். அதற்காக மூன்றரை வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தேன். எடுத்த துண்டைக் குப்பியில் போட்டு, இலக்கம் ஒட்டி, அடுத்த அறைக்கு அனுப்புவேன். படித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பிராங்பேர்ட்டிலிருந்து கொலோன் வரைக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் 'டொக்டர் துவாரகன்'. முதல் தடவை யாரோ அப்படிக் கூப்பிட்டபோதே திருத்தியிருக்கலாம். காதுக்கு நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நாங்கள் தேடுவது மான் மெலிவு நோய். இதற்குக் காரணம் கிருமிகூட இல்லை. பிழையாக மடிந்த ஒரு புரதம், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதங்களையும் தன்னைப் போலவே மடித்துவிடும். மான் மெலிந்து, வாயால் எச்சில் வடித்து, தள்ளாடிச் செத்துப்போகும். மருந்து கிடையாது. அவித்தாலும் பொரித்தாலும் அந்தப் புரதம் அழியாது, மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். அமெரிக்கக் காடுகளில் பரவிய இதை 2016இல் நோர்வேயிலும் கண்டுபிடித்தார்கள். ஜேர்மனியில் இதுவரை இல்லை. மனிதருக்குத் தொற்றியதாகவும் எங்கும் நிரூபணமாகவில்லை. ஆனால் தொற்றவே தொற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அடுத்த அறையில் ஒருவரும் பேனாவை எடுக்கமாட்டார்கள்.

ஆகவே தலை கொண்டுவரும் வேட்டைக்காரர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "இறைச்சி எங்கே?" வீட்டில் என்றால், முடிவு வரும்வரை அதில் கை வைக்க வேண்டாம் என்று விரலை உயர்த்திச் சொல்வேன். ஏழு வருடமாகச் சொல்கிறேன். பாதிப்பேர் சிரித்துக்கொண்டு போவார்கள். பொறுப்பில்லாத மனிதர்கள் என்று நானும் முணுமுணுத்துக்கொள்வேன்.

என் மனைவி சுலோஜனாவின் மூத்த அண்ணன் டக்ளஸ் நோர்வேயில் இருக்கிறார். அவர் போன வருடம் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, இந்த வருடம் தன் முதல் எல்க்கைச் சுட்டார். எல்க் என்பது மாட்டைவிடப் பெரிய மான். தீபாவளிக்கு வருகிறேன் என்றவர், வழியில் கார் பழுதாகி, மறுநாள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து இறங்கினார். பின் சீற்றில் ஆட்களுக்குப் பதிலாக இறைச்சிப் பெட்டிகள் இருந்தன.

"தம்பி, பங்கு போடுவம்" என்றார்.

பங்கு என்றதும் என் கை துருதுருத்தது. ஊரில் ஒரு ஆட்டை வெட்டிப் பங்கு போட்டால், முழு இறைச்சி, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் எல்லாப் பங்கிலும் சமமாகக் கலந்து வைக்க வேண்டும். ஒருவருக்கு எலும்பு கூடிப்போனால் பத்து வருடத்துக்குப் பேச்சு வரும். கராஜில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தராசை வைத்து, பதினோரு பங்கு போட்டேன். மூட்டுக்களைப் பிரித்த விதத்தைப் பார்த்து டக்ளஸ் அத்தான் வாயைப் பிளந்தார். "டொக்டரின்ர கை வேறதான்" என்றார். நான் அடக்கமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழு வருடமாக மற்றவர்களை எச்சரித்தும், 'சோதனை முடிவு வந்ததோ?' என்ற ஒரு கேள்வி, என் வீட்டுக் கராஜில், என் மச்சானிடம், என் வாயில் வரவில்லை.

டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் என் தங்கச்சி கிருசாந்தியின் பங்கை அவளுடைய கணவன் அன்று பின்னேரமே வந்து எடுத்துப் போனான். மற்றப் பங்குகளை அத்தான் புதன்கிழமை கொலோன் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார். தேத்தண்ணி குடிக்கும்போது தொலைபேசியை எடுத்து ஒரு சோதனை இலக்கத்தைக் காட்டினார்.

"இஞ்ச பார் தம்பி, உன்ர வேலையைத்தான் அங்கயும் செய்யினம். தலையைக் குடுத்தனான். றிசல்ட் வாற கிழமை வருமாம்."

"நல்லது அத்தான்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அந்த மனிதரின் முதல் வேட்டை, அவர் மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். மற்றப் பத்து வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து "சாப்பிடாதேங்கோ" என்றால், "அப்ப வெட்டேக்க நீங்கள் கேக்கேல்லையோ டொக்டர்?" என்று ஒருவராவது திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

எனக்கு வசதியாக, அன்று கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. எல்லாம் சைவ வீடுகள். ஆறு நாளுக்கு முட்டைகூட வீட்டுக்குள் வராது. சூரன்போர் முடிந்து பாறணைக்குப் பிறகுதான் சட்டி அடுப்பில் ஏறும், அதற்குள் முடிவு வந்துவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான தனிமைப்படுத்தல் நடந்ததில்லை. முருகன் இலவசமாகச் செய்து தருகிறார், இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

என் வீட்டில்தான் சிக்கல் இருந்தது. சுலோஜனா விரதம் பிடிப்பாள், ஆனால் எனக்கென்று தனிச் சட்டியில் இறைச்சி வைத்துத் தருவாள். வியாழன் காலை பங்கைக் கையில் எடுத்தவளிடம், "நானும் இந்தமுறை விரதம்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பதினாலு வருஷமாப் பிடிக்காத மனிசன், என்னப்பா நடந்தது?"

"மனசு சொல்லுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு எடுத்து, மருமகன் திருந்திவிட்டதாகச் சொன்னாள். நான் ஒருவேளை பாலும் பழமும் சாப்பிட்டு, மதியத்தில் வேலையிடத்துக் கன்டீன் பக்கமே போகாமல், மான் தலைகளோடு பசியில் இருந்தேன். அன்று மாலை கவசம்கூடப் பாடினேன். வரிகள் பாதி தெரியாது, உதட்டை அசைத்தேன். டக்ளஸ் அத்தானும் அன்றே நோர்வேக்குத் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிருசாந்தி எடுத்தாள்.

"அண்ணா, எல்க் கறி என்ன மாதிரி இருந்தது தெரியுமோ! நேற்றுச் சமைச்சனான். ஆதிரையும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவள்."

"நீ... விரதம் இல்லையோ?"

"ஐயோ அண்ணா, அஞ்சு மாசத்தில ஆர் விரதம் பிடிக்கிறது? இவர் மட்டும்தான். எனக்கு ஒண்டும் வாய்க்குப் பிடிக்கிறேல்லை, இதுதான் இறங்கினது. இண்டைக்கு டெர்மீன் எண்டு டொக்டரிட்டப் போனனான். இறைச்சி கவனம் எண்டு சொன்னவ. என்ர அண்ணா லாபில இருக்கிறார், அவர் பாத்துத்தான் தந்தவர் எண்டு சொன்னன்."

பிள்ளைத்தாச்சி விரதம் பிடிப்பதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் வீடுகளை எண்ணினேன், மனிதரை எண்ணவில்லை. அவள் மகள் ஆதிரைக்கு ஆறு வயது. அவளை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கவே இல்லை.

"நல்லா அவிச்சனியோ?" என்று கேட்டேன்.

அவித்தால் அழியாது என்று வருடம் முழுக்கச் சொல்பவன் நான். அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் "ஓம், ஓம், பஞ்சு மாதிரி" என்றாள்.

சனிக்கிழமை காலை எஸ்-பான் ரயிலில் டார்ம்ஸ்டாட்டுக்குப் போனேன். வழி முழுக்க வசனம் தயாரித்தேன். முதலில் மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை என்று சொல்வது, அதன்பிறகு எல்க்குகளில் இது மிக அரிது என்பது, கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வருவது. கதவைத் திறந்த கிருசாந்தி என் முகத்தைப் பார்த்து, "விரதம் எண்டு அண்ணி சொன்னவ, வாடிப்போனியள் அண்ணா" என்றாள். தயாரித்த வசனமெல்லாம் போய்விட்டது. குசினி மேசையில் இருந்து எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். சோதனை முடிவு வராததை முதலில், அது எனக்குப் புதன்கிழமையே தெரியும் என்பதைக் கடைசியில்.

அவள் வயிற்றில் கையை வைத்தபடி கேட்டாள். அறைக்குள் ஆதிரை ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையே தெரியுமோ?"

"ஓம்."

"நான் சமைச்சது வியாழக்கிழமை."

"ஓம்."

"நேற்று நான் எடுத்துச் சொல்லேக்கையும் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். அவள் கேட்டாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ அண்ணா?"

"இல்லை."

"அண்ணி?"

"இல்லை. எங்கட பங்கு அப்பிடியே கிடக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழும்பிப் போய் மிச்சக் கறி இருந்த பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியை இறுக்கி, என் முன்னால் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோங்கோ. றிசல்ட் வந்தா அண்ணியை எடுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் எடுக்க வேண்டாம்."

"நல்ல முடிவுதான் வரும், கிருசாந்தி."

"வரட்டும். அதையும் அண்ணி சொல்லட்டும்."

அன்று பின்னேரம் சுலோஜனாவிடம் சொன்னேன். தன் அண்ணனுக்காக ஒரு வார்த்தைகூட அவள் பேசவில்லை. "முருகனை ஏனப்பா இதுக்க இழுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மற்ற ஒன்பது வீட்டுக்கும் நானே எடுத்தேன். பயந்த கேள்வியை எட்டுப்பேர் கேட்டார்கள். கொலோனிலிருக்கும் ஞானமலர் அக்கா மட்டும் கேட்கவில்லை. அவர் பங்கைப் பிரிக்காமலே அயலில் இருக்கும் ஒரு ஜேர்மன் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார். அந்த வீட்டுக்குக் கடிதம் எழுதி, மன்னிப்புக் கேட்டு, மிச்சத்தைத் திருப்பி வாங்கியதைத் தனிக் கதையாகச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒவ்வொரு அழைப்பிலும் "நான் டொக்டர் இல்லை, நான் மாதிரி எடுக்கிற ஆள்" என்றேன். ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை. பலருக்கு முதலே தெரிந்திருந்ததாம், நான் சந்தோசப்படுவதால் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பாறணைக்கு மறுநாள் டக்ளஸ் அத்தான் முடிவைப் படம் பிடித்து அனுப்பினார். நோய் கண்டறியப்படவில்லை. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவி, கிருசாந்தியின் இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியைச் சுலோஜனாவிடம் கொடுத்தேன்.

அவள் முடிவைச் சொன்னாள். அதன்பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள், குழந்தையைப் பற்றி, ஆதிரையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஒரு இடத்தில் கிருசாந்தி சிரித்ததும் கேட்டது. எனக்கும் தருவாள் என்று பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சுலோஜனா என்னைப் பார்த்து, "இஞ்ச நிக்கிறார், குடுக்கட்டோ?" என்று கேட்டாள். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரியம்மா, பிறகு கதைப்பம்" என்று தொலைபேசியை மேசையில் வைத்தாள்.