குறை: ஃபேன் பேசுகிறது

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "ஃபேன் பேசுது" என்றுதான் சொல்வார்கள். உள்ளே புஷ் தேய்ந்து சத்தம் போடும், மாற்றிக் கொடுப்பேன். முப்பது வருடமாக மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனிடம் பெற்ற மகளே வந்து அதைச் சொன்னால் அவன் வேறென்ன நினைப்பான்?

அவள் வாயைத் திறந்ததே அதிசயம். பத்தொன்பது வயது. ஆறு மாதமாகக் கல்லூரிக்கு முழுக்கு. குளிப்பது கிடையாது, தலை வாருவது கிடையாது, தட்டில் வைத்த சோறு வைத்தபடி. ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பாள். அவள் அம்மா கெஞ்சுவாள், நான் கத்துவேன். கல்லில் நார் உரிக்கலாம், இவளைப் படுக்கையிலிருந்து எழுப்ப முடியாது.

சரி, ஒன்றாவது கேட்டாளே என்று அவள் மேசை ஃபேனுக்கு அன்றே புஷ் மாற்றினேன். மறுநாளும் பேசுகிறது என்றாள். கண்டன்சரை மாற்றினேன். ம்ஹூம். காதை வைத்துக் கேட்டேன், பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. என் தொழிலை எனக்கே சொல்லித்தருகிறாயா என்று கத்திவிட்டு ஃபேனையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விட்டது சனியன்.

கடைக்கு எது வந்தாலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுவேன். குறையை, கொண்டுவந்தவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாமாக அர்த்தம் பண்ணிக்கொண்டால் தப்பான இடத்தைத்தான் பிரிப்போம். 'குறை: ஃபேன் பேசுகிறது' என்று எழுதினேன். அடுத்த வரி, 'எப்படிப்பட்ட சத்தம்?' கடகடவா, கிறீச்சா? ஊரில் எல்லாரிடமும் கேட்கிறவன் இவளிடம் கேட்கவே இல்லை. எரிச்சல் என் மேலேயே திரும்பியது. கடையைப் பூட்டினேன்.

வீட்டில் அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசை காலி.

"இன்னும் பேசுதாம்மா?"

தலையாட்டினாள்.

"என்ன சொல்லுது?"



"நான் செத்தாத்தான் நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்கன்னு சொல்லுது. நீங்க காதை வச்சுக் கேட்டீங்களேப்பா. கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல. அப்ப நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்கன்னு..."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குக் கேக்கவே இல்லம்மா. சத்தியமா கேக்கல. கேட்டிருந்தா அதைப் போட்டு உடைச்சிருப்பேன்."

அவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். இன்னொன்றை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மனநல டாக்டரிடம் போனேன். என்ன பிரச்சினை என்று டாக்டர் கேட்டார். குளிக்கவில்லை, படிக்கவில்லை, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று ஆறு மாதப் புகார் என் நாக்கு நுனியில் நின்றது. அத்தனையையும் விழுங்கினேன். மகளைப் பார்த்தேன், சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

அவள் வார்த்தையிலேயே சொன்னேன். ஒன்றையும் மாற்றவில்லை.