கிட்டங்கி வரி

அறுபத்து மூன்று வீட்டுக்கும் படிவம் எழுதிக் கொடுத்தவள் பூமயில். வினை அங்கேதான் பிடித்தது.

அந்த மிளகாய்க்காட்டு ஊர் நகராட்சியோடு சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சொத்துவரியைத் திருத்தப் போகிறோம், வீட்டை அளந்து எழுதிக் கொடுங்கள் என்று படிவம் வந்தபோது, வார்டு கவுன்சிலர் பூமயிலே வீடு வீடாக உட்கார்ந்து எழுதினாள். வீட்டுக்குப் பின்னால் மிளகாய் மூட்டை போடும் உள்ளறையை அங்கே கிட்டங்கி என்பார்கள். பத்துக்குப் பத்து இருந்தாலும் அது கிட்டங்கிதான். கிட்டங்கி உள்ள வீடு என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கொஞ்சம் பணிந்தே உட்காருவார்கள். அதைப் போய் வெறும் அறை என்று எழுதினால் ஊர் சும்மா விடுமா? யாரையும் கேட்காமல் எல்லார் வீட்டுக்கும் கிட்டங்கி என்றே எழுதித் தள்ளினாள்.

பட்ஜெட் கூட்டத்தன்று விடிந்தும் விடியாமலும் முருகலட்சுமி மதினி வரிச் சீட்டோடு வந்தாள். புருசன் இல்லாதவள். அரை ஏக்கர் மிளகாயில் பிழைக்கிறாள். அரை வருடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டாக இருந்த வரி ஆயிரத்து அறுநூற்று நாற்பதாக ஏறியிருந்தது.

"என்ன ஏதுன்னு கேட்டுட்டு வா தாயி" என்றாள்.

பூமயிலுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது மணிக்கே நகராட்சி வாசலில் நின்றாள். வரிப் பிரிவு எழுத்தர் சுரேஷ் பத்தேகாலுக்கு ஆடி அசைந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"கிட்டங்கின்னா கோடவுன். கோடவுன்னா வணிகக் கட்டடம். மூணு மடங்குக்கு மேல வரும் மேடம்."

"மொளகா மூட்டை போடுற உள்ளு சார் அது!"

"எழுதுனது நீங்கதானே?"

பூமயில் கூட்ட அறைக்கு நடந்தாள்.

பதினோரு மணிக்குக் கூட்டம். அச்சடித்த பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினால் அவள் வார்டுக்குப் பொதுக்குழாய் இருந்தது. இரண்டு வருடமாக ஆள் ஆளாகக் கெஞ்சி வாங்கியது. அரசு மானியம் போக நகராட்சிப் பங்கு ஒன்றரை லட்சம். வரவுப் பக்கத்தைப் பார்த்தாள். அவள் வார்டின் புதிய வணிக வரி, அதே ஒன்றரை லட்சம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பக்கத்துக் கவுன்சிலர், "என்னக்கா, சீட்டுல முள்ளா?" என்று சிரித்தார்.

தீர்மானம் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க மேசையைத் தட்டி நிறைவேற்றிக்கொண்டே போனார்கள். என்ன ஏது என்று காதில் வாங்கியவர் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். வரவு இனம் வந்ததும் பூமயில் எழுந்தாள்.

"தலைவரம்மா, எங்க வார்டு வரி தப்பு. அங்கன கோடவுனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அம்புட்டும் மொளகா போடுற சம்சாரி வீடு. எழுதுனது நான்தான். தப்பும் என்னோடதுதான்."

தலைவர் சேதுலட்சுமி ஆணையாளரோடு குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"திருத்திரலாம்மா. ஆனா வரவு கொறஞ்சா செலவும் கொறையணும். உங்க வார்டு குழாய் இந்த வருசம் நிக்கும். சம்மதமா?"

காலையில் வந்த மதினி அழுததாகவே பூமயிலுக்குத் தோன்றியது. அவள் அழவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அறுபத்து மூன்று குடும்பத்தின் பாவத்தைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"சம்மதம்" என்றாள். மேசைகள் தட்டப்பட்டன.

ஊர் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தண்ணீர் வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். குடம் பன்னிரண்டு ரூபாய். நான்கு குடத்தோடு நின்ற முருகலட்சுமியின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, பழைய வரியே ஆயிருச்சு. சண்டை போட்டு மாத்திட்டேன்."

"மகராசியா இரு. குழாய் எப்பப் போடுறாக?"

"அது... இந்த வருசம் இல்ல மதினி. வரிக்குப் பதிலா அதை எடுத்துட்டாக."

முருகலட்சுமி கையை விடுவித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. கணக்குத்தான் கேட்டாள்.

"அரை வருசத்துக்கு எம்புட்டுக் கூடுச்சு?"

"ஆயிரத்து இருநூத்திச் சொச்சம்."

"நான் மாசத்துக்கே இந்த வண்டிக்காரனுக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல குடுக்குறேனே பூமயிலு. கிட்டங்கின்னு எழுதையிலயும் எங்களைக் கேக்கல. இல்லன்னு சொல்லையிலயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

வண்டிக்காரன், "அடுத்த ஆளு, அடுத்த ஆளு" என்று கத்தினான். முருகலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாற்பத்தெட்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள்.