ரோடு இல்லாத தோட்டம்

பேராசிரியர் மகேந்திரன் பேசும் கடைசி நாள் அது. பல பிரபஞ்சங்களைப் பற்றி வாரம் ஒரு முறை வானொலியில் பேசுவார்; நேயர்கள் போன் செய்து கேள்வி கேட்கலாம். மூன்று வாரமாக முயன்றும் விமலாவுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தலைப்பு மாறிவிடும். இன்று விட்டால் போச்சு.

கெமாஸ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குவது அவள் வேலை. சாக்கு பாதி நிறைந்திருந்தபோது போனில் மணியடிப்பது நின்று, "வணக்கம்" என்றது ஒரு குரல்.

"அக்கா, கிடைச்சிருச்சு!"

"கத்தாத லா. மண்டோர் அந்தப் பக்கந்தான் நிக்கிறாரு," என்றாள் அடுத்த மரத்தடியில் குனிந்திருந்த திலகா.

"எங்கிருந்து பேசுறீங்க?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"பதினாலாம் பிளாக், ஒன்பதாம் நிரை!"

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால் சொல்கிற பதில் தானாக வந்துவிட்டது. வானொலி நிலையத்தில் சிரிப்பு கேட்டது. திலகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர் பேரைச் சொல்லுடி!"

விமலாவுக்குக் காது சுட்டது. ஒத்திகை பார்த்த கேள்வி மறந்தே போனது. போனை அணைக்க விரல் போய்விட்டது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள், நிரை நிரையாக. கேள்வி அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

"சார், நாங்க ரோட்டுல இருந்து நிரை எண்ணித்தான் இடம் சொல்வோம். பிரபஞ்சம் முடிவே இல்லாம போனா, என்னைப் போலவே ஒருத்தி, இதே சாக்கோட நின்னு, இதையே கேட்டுக்கிட்டு இருப்பான்னு சொன்னீங்க. அங்க எண்ண ஆரம்பிக்க ரோடே இல்லையே? அப்ப நான் எந்த விமலான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திலகாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"அம்மா," என்றார் பேராசிரியர். "நாங்களும் அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கிறோம். அந்த விமலாக்களை ஒரு விதமா எண்ணினா ஒரு விடை வருது, வேற விதமா எண்ணினா வேற விடை. எது சரின்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

இணைப்பு முடிந்ததும் விமலா துள்ளிக் குதித்தாள். சாக்கு சாய்ந்து பழங்கள் உருண்டோடின.

"மூணு வாரம் காத்திருந்து 'தெரியாது'ன்னு வாங்கிட்டு வந்திருக்க. அதுக்கு இந்தக் குதியா?" என்றாள் திலகா.

"யாருக்குமே தெரியாதுக்கா! அவங்க நிக்கிற இடம் வரைக்கும் நான் போயிட்டேன்!"

திலகா முனகிக்கொண்டே சிதறிய பழங்களை அள்ளினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏண்டி, அந்த விமலா பக்கத்துல ஒரு திலகாவும் இருப்பாளா?"

"இருக்கலாம்க்கா."

"அவளும் உன் பழத்தைத்தான் பொறுக்குறாளா? அவளுக்கும் இடுப்பு இப்படித்தான் வலிக்குதா?"

"அவரையே கேளுங்க. நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

திலகா மண்டோர் நிற்கும் பக்கம் ஒரு முறை பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நம்பரைச் சொல்லு."