துடைத்து வைத்த பாட்டில்

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தச்சர் கைகால் கழுவுவார். அடுத்த வேலை, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துத் துடைப்பது. அதற்கென்றே ஒரு மெல்லிய துணி வைத்திருந்தார். முத்திரை உடையாத பிராந்தி பாட்டில் அது. துடைத்து முடித்ததும், பெயர் வெளியே தெரியும்படி வேதாகமத்துக்குப் பக்கத்தில் திருப்பி வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்திருந்தார்.

ஒரு காலத்தில் தச்சர் ஏதோ ஆசைக்குக் குடித்தவர் அல்ல, மொடாக்குடியர். ஒரு நாள் பாட்டிலும் கையுமாக வரும்போது மழை பிடித்துக்கொள்ள, ஒரு சபையின் வாசலில் ஒதுங்கினார். உள்ளே நடந்த பிரசங்கம் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. தேம்பித் தேம்பி அழுதார். அன்றோடு குடியை விட்டார். அதில் பொய் கிடையாது, அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் அன்றைக்கே அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்திருக்கலாம் அல்லவா? கவிழ்க்கவில்லை. ஜெயித்ததற்கு ஓர் அடையாளம் வேண்டாமா என்று வைத்துக்கொண்டார்.

மறு ஞாயிறு, சபையார் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. போதகர் தோளில் தட்டிக்கொடுத்தார். தச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிறகு எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் பாட்டிலோடு போனார். 'பாட்டில் சாட்சி' என்று ஊரே பெயர் வைத்தது. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வருவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார், உள்ளுக்குள் இனிக்கும்.

மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பழைய நாள்தான் ஞாபகம் வருகிறது, கீழே ஊற்றிவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். உனக்கு விசுவாசம் பத்தாது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

இதே மனுஷன் தான் வேலை பார்க்கும் பட்டறையில் எப்படி இருப்பார் தெரியுமா? வட்ட ரம்பத்தில் ஒரு பலகை அறுத்து முடித்தால் போதும், ஸ்விட்சை அணைத்து, மேசையடிச் சக்கரத்தைத் திருகி, பிளேடை மேசைக்குக் கீழே இறக்கிவிடுவார். பிறகு பிளக்கையும் பிடுங்கி வைப்பார். இறக்காமல் போகிறவனுக்கு வண்டி வண்டியாகத் திட்டு விழும். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனுக்கும் ஒரு நாள் கவனம் பிசகும், அன்றைக்கு பிளேடு மேலே இருக்கக் கூடாது என்பார். அதனால்தான் இத்தனை வருஷத்தில் அவருடைய பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

இப்படியிருக்கும்போது மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். குடியால் வேலை போயிருந்தது. பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா கேட்பதற்கு முன்பே தச்சர் அவனை வீட்டில் வைத்துக்கொண்டார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? பட்டறையில் வேலை வாங்கிக்கொடுத்தார், தொழில் சொல்லிக்கொடுத்தார், ஞாயிறுதோறும் சபைக்குக் கூட்டிப்போனார். மச்சினன் முகத்தில் களை வந்தது. கை நடுக்கம் நின்றது. இந்த மாதம் முழுக்க இப்படியே இருந்தால் திரும்பி வருகிறேன் என்று பெண்டாட்டி சொல்லியனுப்பினாள். அவன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தான்.

அவனுக்குப் படுக்கை கூடத்தில், அலமாரிக்கு நேர் கீழே. ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தான், அந்தப் பாட்டிலை வேற எங்கயாவது வெக்கலாமா? படுத்தா அதுதான் கண்ணுல நிக்குது."

தச்சர் சிரித்தார். "அதைப் பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணுடா. ஓடி ஒளியறவனுக்கு என்னடா ஜெயம்? என்னைப் பாரு."

அவனை மண்டிபோட வைத்து, தலையில் கைவைத்து, உரக்க ஜெபித்தார். அவன் ஆமென் சொன்னான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பையன் பலப்பட்டுவிட்டான் என்று தச்சர் நினைத்துக்கொண்டார்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. தச்சர் ஒரு வீட்டுக் கதவுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரத்தில் பட்டறையிலிருந்து ஆள் ஓடிவந்தான். அவர் போய்ச் சேர்வதற்குள் மச்சினனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மரத்தூள் எல்லாம் ரத்தம். பலகையைத் தள்ளுவதற்கான கட்டை, தொடப்படாமல் ரம்ப மேசை ஓரத்திலேயே கிடந்தது. கையாலேயே தள்ளியிருக்கிறான். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

"அவன்மேல சாராய வாடை அடிச்சுது" என்றார் பட்டறைக்காரர். "உங்க வீட்டுல இருக்கிறவன்னு நம்பி மிஷின்ல விட்டேன்."

தச்சருக்கு முதலில் பதறியது விரலுக்காக அல்ல. சபையில் என்ன சொல்வார்கள் என்றுதான் பதறியது. கேட்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சினன் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு கிடந்தான். அக்காள்காரி அழுது ஓய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தச்சர் போனதும் போகாததுமாகப் பாய்ந்தார்.

"எங்கடா குடிச்சே? யாருடா வாங்கிக் கொடுத்தது?"

"முதல் வாய் உங்க வீட்டுலதான் அத்தான்."

"வாய்க்கு வந்தபடி உளறாதே. சீல் உடையாம இருக்கு."

"மரப்பசை போட்டு ஒட்டினேன். காஞ்சா தெரியாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "ஒரே ஒரு மூடின்னுதான் திறந்தேன். பாட்டிலே தீர்ந்ததும் கடை தேடிப் போயிட்டேன்."

தச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் விடவில்லை.

"என்னைச் சோதனைக்குள்ள விட்டுடாதீங்கன்னு ஆண்டவர்கிட்ட தினமும் கெஞ்சினேன் அத்தான். நீங்க அதைத் துடைச்சுத் துடைச்சு என் தலைமாட்டுல வெச்சீங்க. பட்டறையில பிளேடை இறக்காமப் போனா அப்படித் திட்டுவீங்களே. வீட்டுல மட்டும் ஏன் இறக்கலை?"

மனைவி நிமிர்ந்து தச்சரைப் பார்த்தாள். சொல்லவேண்டியதை அவள் வருஷக்கணக்காகச் சொல்லியிருந்தாள்.

தச்சர் வீட்டுக்கு வந்து, பாட்டிலைக் கழுவுதொட்டிக்கு எடுத்துப்போய் மூடியைத் திருகினார். பசை நொறுங்கி உதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதுமே, நம்பமாட்டீர்கள், அவர் வாயில் எச்சில் ஊறியது. குனிந்து முகர்ந்தார். பிராந்தி வாடையே இல்லை. தொட்டு நாக்கில் வைத்தார். குடித்ததை மறைக்க மச்சினன் ஊற்றிவைத்த, பால் சேர்க்காத வெறும் கட்டன் சாயா.

சாயாதானா என்று ஒரு கணம் ஏமாந்துபோனார். அந்த ஏமாற்றத்தைத் தனக்குள்ளேயே கண்டபோது அவருக்குக் குலை நடுங்கியது. போன வாரம்கூட ஒரு கூட்டத்தில் இந்தச் சாயாவைத்தான் தூக்கிப் பிடித்து, எதிரியைக் கட்டிப்போட்டேன் என்று முழங்கிவிட்டு வந்திருந்தார். எதிரி எங்கேயும் கட்டுப்பட்டுக் கிடக்கவில்லை, அவருக்குள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார்.

மச்சினனின் பெண்டாட்டி வரவில்லை. இனி கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினாள். கை ஆறியதும் அவனும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான்.

அவன் போன அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் தச்சர் வெறுங்கையோடு எழுந்தார். பாட்டில் எங்கே என்று பின்னாலிருந்து யாரோ கேலியாகக் கேட்டார்கள்.

"அந்தப் பாட்டிலால என் மச்சினனோட மூணு விரல் போச்சு, அவன் குடும்பமும் போச்சு" என்றார். "நான் குடியை ஜெயிச்சிட்டேன்னு உங்ககிட்ட காட்டிக்கிட்டே இருந்தேன். சோதனையை வீட்டுல வெச்சு வேடிக்கை காட்டறவன் ஜெயிச்சவன் இல்லீங்க. கண்ட உடனே விலகி ஓடறானே, அவனுக்குத்தான் விசுவாசம் இருக்கு. நீங்க ஓடினா மட்டும் பத்தாது. பின்னால பலவீனமா ஒருத்தன் வருவான், அவன் கால்ல தடுக்காதபடி அதை எடுத்து எறிஞ்சிட்டு ஓடுங்க. நான் எறியலை."

அவர் உட்கார்ந்தார். தோளில் தட்டிக்கொடுக்க இந்த முறை போதகர் எழுந்து வரவில்லை. ஆமென் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி மட்டும், தலைநிமிராமல், மெதுவாக "ஆமென்" என்றாள்.