வலப்பக்கப் பிடி

மூடி வைத்திருந்த ஸ்கூட்டரில் வலப்பக்கப் பிடி மட்டும் காணாமல் போயிருந்தது. ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போதுதான் ஸ்டீபன் அதைக் கவனித்தான்.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் மெஷின் அவனது வலக்கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்ட பிறகு அந்த வண்டி ஓடவில்லை. கையை எப்போதும் பேன்ட் பைக்குள் வைத்திருப்பான். கோயிலில் நன்மை அப்பம் வாங்கும்போதுகூட நாக்கை நீட்டுவானே தவிர, கையை நீட்டமாட்டான்.

"அம்மா, வண்டியை விக்கப் போறீங்களா?"

"அதை யாருடா வாங்குவா? பழைய இரும்பு எடுக்கிற கபாடிவாலாவா?" என்றாள் செல்வமேரி. அருகில் நின்ற மகள் கீர்த்தியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

கீர்த்தி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறாள். சில நாள் முன்பு பிசைந்த சப்பாத்தி மாவோடு வந்து நின்றாள்.

"அண்ணா, இதுல வலது கையை வச்சு அமுக்கு."

"எதுக்குடி?"

"சும்மா. உன் கைரேகை பார்க்கணும்."

"ஃபாதர் காதுல விழுந்தா ரெண்டு பேருக்கும் பாவசங்கீர்த்தனம்தான்" என்று சிரித்துக்கொண்டே அமுக்கினான். அந்த மாவு சப்பாத்தியாகவில்லை.

அதற்குப் பிறகு அவன் அறைக்குள் வந்தால் அவளுடைய போன் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் தன் வலக்கையிலும் அதே இரண்டு விரல்களை மடக்கி டேப்பால் ஒட்டிக்கொண்டு எதையோ பிடிக்க முயன்றுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் டேப்பைப் பிய்த்தெறிந்தாள். என்னைப் போல நடித்துப் பார்க்கிறாளா? யாருக்குக் காட்ட?

செவ்வாய்க்கிழமை, கட்டிலில் சுருட்டிக் கிடந்த சார்ட்டைப் பிரித்தபோது பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தான். அதில் இரண்டு விரல் இல்லாத ஒரு கை வரைந்திருந்தது.

"நாளைக்குக் காலேஜ்ல என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா. புராஜெக்ட் சப்மிஷன்."

"நானும் வரட்டா?"

"நீ எதுக்கு? போர் அடிக்கும்."

மார்க்குக்காக என் கையை ஊர் பார்க்க மாட்டப் போகிறாள் என்று ஸ்டீபன் முடிவுகட்டினான். வெளியாள் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நேசிக்கிறவர்கள் மேல்தான் நமக்குச் சந்தேகம் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

மறுநாள் பஸ் பிடித்துப் பிம்ப்ரியில் இருந்த அவள் காலேஜுக்குப் போனான். சார்ட்டைக் கிழித்தெறிவது என்றே போனான்.

ஹாலில் வரிசையாக மேஜைகள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். கீர்த்தியின் மேஜையில், பலகையில் பொருத்திய ஹேண்டில்பார். அதில் அவனுடைய ஸ்கூட்டரின் பிடி, பிடியின் மேல், அன்று மாவில் அவன் பதித்த உள்ளங்கை அளவுக்கு வளைந்த ஒரு தகடு. சார்ட்டில் கை இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

தேர்வாளர் இந்தியில் கேட்டார். "இது யாருக்கு?"

"விரல் போனவங்களுக்கு, சார். உள்ளங்கையாலயே ஆக்ஸிலேட்டரைத் திருகலாம்."

"யாரை வச்சுச் சோதிச்சே? போட்டோ எங்கே?"

"என் விரலைக் கட்டிக்கிட்டு நானே பார்த்தேன்."

"அது கணக்கில்லை. நிஜமான ஆள் இல்லேன்னா பாதி மார்க் போயிடும்."

"போகட்டும் சார். வீட்டுல ஒருத்தர் இருக்கார். அவருக்காகத்தான் செஞ்சேன். இங்க வாங்கன்னு கேட்டா, எனக்காகச் சரின்னுடுவார். அதனால கேக்கல."

ஸ்டீபன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜையருகே வந்தான்.

"அண்ணா, வேணாம். நீ போ" என்றாள் கீர்த்தி. அங்கே வேறு யாருக்கும் தமிழ் புரியவில்லை.

"வாயை மூடுடி."

கையை வெளியே எடுத்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டான். உள்ளங்கையைத் தகட்டில் பதித்துத் திருகினான். பிடி சுழன்றது; விட்டதும் திரும்பி வந்தது. மறுபடியும் திருகினான். முகத்தைச் சுளித்தான்.

"என்ன சொல்றார்?" என்றார் தேர்வாளர். கீர்த்தியைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஸ்டீபனே இந்தியில் சொன்னான். "நல்லா திரும்புது சார். ஓரம்தான் இங்க கடிக்குது, கொஞ்சம் தேய்ச்சு எடுக்கணும். என் பேர் ஸ்டீபன். இவளோட அண்ணன். எழுதிக்குங்க."

கீர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"கையை எடுக்காதண்ணா. கடிக்கிற இடத்துல கோடு போட்டுக்கறேன்."