வெள்ளையாகிப்போன வளையங்கள்

வசுந்தரா வேலைக்கு வந்த அன்றே எனக்கு வயிறு எரிந்தது. அவள் அப்பா அரசாங்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. என் அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். தெலுக் பங்லிமா காராங்கில், எங்கள் கையுறைத் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவின் பொறுப்பு எனக்கு வரவேண்டியது. அவள் அழகுக்கும் அவள் பேசும் ஆங்கிலத்துக்கும் அதைக் கொடுத்துவிட்டார்கள்.

ரப்பர் பாலில் அம்மோனியா இருக்கும். அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பில்டரை வளர்த்தது நான். ஆமாம், வளர்த்தது. தொட்டி நிறையப் பிளாஸ்டிக் வளையங்கள். அவற்றில் பழுப்பாக, வழுவழுவென்று ஒட்டியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக்கும். காற்றுப் படாத அடுத்த தொட்டியில் வேறொரு கூட்டம் அதை நைட்ரஜனாக்கி வானத்துக்கு விட்டுவிடும். அந்தப் பாக்டீரியா இருந்த முதல் சேற்றைப் பூச்சோங்கில் ஒரு கழிவுநீர் நிலையத்திலிருந்து வாளியில், என் காரில்தான் கொண்டுவந்தேன். நாற்றம் இன்னும் போகவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. நான் லீவில் இருந்த சனிக்கிழமை, வசுந்தரா முதல் தொட்டியைக் குளோரின் ஊற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், வளையங்கள் பல் விளக்கியதுபோல் வெள்ளை.

"யாரு கழுவச் சொன்னது?"

"நான்தான். ஒரே சளியா இருந்துச்சு லா, குமுதா. விசிட்டர்ஸ் என்ன நினைப்பாங்க?"

"அந்தச் சளிதான் வேலை செய்யுது! நீங்க கழுவல, கொன்னுட்டீங்க."

அவள் முகம் வெளுத்தது. வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறிக்கொண்டிருந்தது. வெளியே விடும் வால்வை மூடினேன். மேனேஜர் கமலநாதன் ஓடிவந்தார், பின்னாலேயே தொழிலாளர்களும்.

"பரவால்ல வசு, முதல் தடவதானே," என்றார்.

நான் கழுவியிருந்தால் அந்நேரம் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பேன்.

"குமுதா, ஏதாச்சும் செய்ய முடியுமா?"

முடியும். பின்பக்க டிரம்மில் காற்று விட்டு, கழிவுநீர் ஊற்றி, பாக்டீரியா ஒட்டிய கொஞ்சம் வளையங்களைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"முடியும், பாஸ். பில்டர என் பொறுப்புல குடுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

"இந்த நேரத்துல பேரமா?"

"வேற நேரத்துல கேட்டா நீங்க காது குடுக்க மாட்டீங்க."

வசுந்தரா குறுக்கிட்டாள். "குடுத்துடுங்க, பாஸ். எனக்கு இதுல ஒன்னும் தெரியல."

அந்த வாக்கியத்தை நானே சொல்லலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், எல்லார் முன்னிலையிலும், அவள் தலை குனியும்படி. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"சரி, இனிமே பில்டர் குமுதா பொறுப்பு," என்றார் மேனேஜர்.

குளோரின் போகும்வரை தொட்டியை அலசிவிட்டு, டிரம்மைத் திறந்தேன். கூப்பிடாமலே வசுந்தரா கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். வளையங்களை அள்ளி அள்ளிக் கொட்டினோம். அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்புச் சளி.

அப்போதும் அழகாகத்தான் இருந்தாள், சனியன்.